சொல்லுக்கு ஒரு சென்ட்: பிளாக் மாஸ்க் காலத்துக் குற்றக் கதைகள்

கருந்தாள்:
கரோல் ஜான் டேலியை இங்கே எத்தனை பேர் வாசித்திருக்கிறீர்கள்? குற்றக் கதை எழுதிய ஹேமட், சாண்ட்லர் பேர் தெரியாதவர்கள் இந்தக் குழுவில் இருக்க மாட்டார்கள். ஆனால் கையில் துப்பாக்கி, வாயில் நக்கல், சட்டத்தின் மேல் பாதி மரியாதை என்று திரியும் தனியார் துப்பறிவாளனை அமெரிக்கப் பத்திரிகையில் முதலில் உலவ விட்டவர் டேலிதான். 1923 மே 15 பிளாக் மாஸ்க் இதழில் டெர்ரி மாக் வந்தான். அடுத்த இதழிலேயே, ஜூன் 1இல், ரேஸ் வில்லியம்ஸ். ஹேமட்டின் பேரில்லாத நாயகன், கான்டினென்டல் நிறுவனத்துத் துப்பறிவாளர், வந்து சேர்ந்தது அக்டோபர் 1 இதழில்.

ரேஸ் வில்லியம்ஸின் முதல் கதை, முகமூடி போட்ட வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் கிளானுக்கு எதிரானது. அந்த இதழே கிளான் சிறப்பிதழ். கிளானில் லட்சக்கணக்கானோர் சேர்ந்துகொண்டிருந்த காலம் அது. பத்திரிகை இரண்டு தரப்புக்கும் இடம் கொடுத்து, வாசகர்களையும் எழுதச் சொல்லி, நன்றாகக் கல்லா கட்டியது. டேலி மட்டும் தன் கதாநாயகனை முகமூடிக்காரர்களைச் சுடுவதற்கு அனுப்பினார். அந்தத் துணிச்சலுக்கு ஒரு சலாம்.

கதை எப்படி என்று கேட்டால், மோசம். நாயகன் ஒரு அறைக்குள் நுழைவதற்கு முன் தன் வீரத்தைப் பற்றி அரைப் பக்கம் பேசுகிறான். நுழைந்த பிறகு இன்னொரு அரைப் பக்கம். ஆனாலும் 1920களில் அட்டையில் ரேஸ் வில்லியம்ஸ் பேர் இருந்தால் இதழ் கூடுதலாக விற்கும் என்பது பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியும்.

என் கேள்வி இரண்டு. ஒன்று, முதலில் வந்த டேலி ஏன் இப்படிச் சுத்தமாகக் காணாமல் போனார்? இரண்டு, இதுதான் ரொம்ப நாளாக உறுத்துகிறது: அந்தப் பத்திரிகைகளில் சொல்லுக்கு இத்தனை சென்ட் என்று கூலி. சொல் கூடினால் பணம் கூடும். நியாயமாகப் பார்த்தால் அந்தச் சந்தையில் வளவளா எழுத்துதான் செழித்திருக்க வேண்டும். அமெரிக்காவின் கறாரான உரைநடை போயும் போயும் அங்கேயிருந்து எப்படி வந்தது?

வேலூர்வாசி:
இரண்டாவது கேள்விக்கு, அந்தப் பத்திரிகைகளில் எழுதிக் குவித்த எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் பதில் வைத்திருந்தார். உங்கள் ஆட்கள் ஏன் முதல் ஐந்து குண்டையும் தவறவிட்டு ஆறாவதில்தான் கொல்கிறார்கள் என்று கேட்டார்களாம். ஒவ்வொரு ‘டமால்’ சத்தத்துக்கும் எனக்கு மூன்று சென்ட், துப்பாக்கியில் குண்டு மிச்சம் இருக்கும்போது சண்டையை முடிக்க நான் என்ன முட்டாளா என்றாராம் 😄

அச்சுக்கோர்வை:
வேலூர்வாசி தம்பி சொன்னது கார்ட்னர் பேரில் பரவலாகச் சொல்லப்படுவது. நடந்ததோ இல்லையோ, அந்தத் தொழிலின் கணக்கு அதில் சரியாக இருக்கிறது. நான் அச்சகத்தில் வேலை பார்த்தவன், அதனால் காகிதத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மலிவுக் கதைப் பத்திரிகைகளுக்குப் பல்ப் என்ற பேரே மரக்கூழ்க் காகிதத்தால் வந்தது. ஃபிராங்க் மன்சி 1896இல் தன் ஆர்கசி பத்திரிகையை முழுக்கக் கதைகளாக மாற்றி, மிக மலிவான மரக்கூழ்க் காகிதத்தில் அடித்துப் பத்து சென்ட்டுக்கு விற்றார். விளம்பர வருமானத்தை நம்பிய பளபளப்பான பத்திரிகைகளின் வழி வேறு. பல்பின் வருமானம் பெரும்பாலும் கடையில் விற்கும் பிரதியில்தான். வழக்கமான அளவு ஏழு அங்குலத்துக்குப் பத்து அங்குலம், 128 பக்கம், ஓரம் வெட்டாத சொரசொரப்புத் தாள். அமிலம் மிகுந்த கூழ் என்பதால் சில வருடங்களிலேயே பழுத்து, விரல் பட்டால் நொறுங்கும். அட்டைக்கு மட்டும் நல்ல தாள், பல வண்ணம். காரணம் எளிது. ரயில் நிலையப் பத்திரிகைக் கடையில் இருபது முப்பது இதழ்கள் வரிசையாகத் தொங்கும்போது கண்ணை இழுக்க வேண்டியது அட்டை. பல பத்திரிகைகளில் அட்டைப் படம் முதலில் தயாராகிவிடும், அதற்கேற்ற கதையைப் பிறகு எழுதச் சொல்வார்கள்.

துப்பறியும் கதைக்கென்றே பல்ப் வந்தது 1915 அக்டோபரில், ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் நிறுவனத்தின் டிடெக்டிவ் ஸ்டோரி மேகஸின். நிக் கார்ட்டர் என்ற கற்பனைத் துப்பறிவாளனின் வாரப் பத்திரிகையை நிறுத்திவிட்டு இதை ஆரம்பித்தார்கள். ஆசிரியர் பேர் என்ன போட்டார்கள் தெரியுமா? நிக்கோலஸ் கார்ட்டர்! இல்லாத ஆள் ஆசிரியர். உண்மையில் வேலை பார்த்தவர் ஃபிராங்க் பிளாக்வெல்.

சுருக்கெழுத்து:
சொல்லுக்கு இவ்வளவு என்று பேசி எழுதிப் பிழைப்பவள் நான். கதை இல்லை, விளம்பர வாசகம், இணையக் கட்டுரை, இந்த மாதிரி. அதனால் கருந்தாளின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

வெளியில் இருப்பவர்கள் நினைப்பது, சொல்லை இழுத்தால் காசு கூடும் என்று. உண்மையில் சொல்லுக்குக் காசு கிடைப்பது எடுத்துக்கொள்ளப்பட்ட சொல்லுக்கு மட்டும்தான். திருப்பி அனுப்பிய இருபதாயிரம் சொல்லுக்குக் கிடைப்பது பூஜ்யம். ஆகவே எழுதுபவர் போடும் கணக்கு ‘எப்படி நீட்டலாம்’ என்பதோடு நிற்காது, ‘எதை எழுதினால் திரும்பி வராது’ என்பதும் சேர்ந்தது. அந்த இரண்டாவது கணக்கில் ஆசிரியரின் ரசனை உள்ளே வந்துவிடுகிறது. வளவளப்பை விரும்பும் ஆசிரியர் இருந்தால் எழுத்தாளர் வளவளப்பார். கறாரை விரும்பும் ஆசிரியர் மேலாகக் கூலியும் கொடுத்தால் எழுத்தாளர் தன் வாக்கியத்தைத் தானே வெட்டுவார். சாதாரணப் பல்பில் ஒரு சென்ட் அடிமட்டம். நட்சத்திர எழுத்தாளர்களுக்கு இரண்டு, மூன்று என்று ஏறும். மூன்று சென்ட் வாங்கும் இடத்துக்குப் போக, ஒரு சென்ட்காரரின் பழக்கத்தை விட வேண்டும்.

கார்ட்னர் ஆரம்பத்தில் பட்டதும் இதேதான். கலிபோர்னியாவில் வென்ச்சுராவில் வக்கீல். பகலில் கோர்ட், இரவில் தட்டச்சு. பிளாக் மாஸ்குக்கு ஒரு கதை அனுப்பினார், திரும்பி வந்தது. கட்டுக்குள் பத்திரிகையின் விநியோகப் பொறுப்பாளர் பில் கோடி ஆசிரியருக்கு எழுதிய குறிப்பு ஒன்று தவறுதலாக மாட்டிக்கொண்டிருந்தது. கதையைக் கிழித்துத் தொங்கவிட்ட குறிப்பு. இன்னொருவராக இருந்தால் தட்டச்சுப் பொறியை விற்றிருப்பார். கார்ட்னர் அந்தக் குறிப்பையே வழிகாட்டியாக வைத்து இரவுகளில் உட்கார்ந்து திருத்தி எழுதி மறுபடியும் அனுப்பினார். வாங்கிக்கொண்டார்கள். 1923இல் சார்லஸ் எம். கிரீன் என்ற புனைபெயரில் வந்தது. பிற்பாடு வருடத்துக்குப் பன்னிரண்டு லட்சம் சொல் என்று தனக்குத் தானே இலக்கு வைத்துக்கொண்ட மனிதர் அவர்.

கருந்தாள்:
அருமை அக்கா. இதை ஹேமட்டோடு வைத்துப் பார்க்கிறேன்.

அக்டோபர் 1923 கதை, ‘ஆர்சன் பிளஸ்’. பீட்டர் காலின்சன் என்ற புனைபெயரில் எழுதியது. ஆரம்பத்தைப் பாருங்கள். துப்பறிவாளர் மேஜை மேல் ஒரு சுருட்டை உருட்டிவிடுகிறார். எதிரே இருக்கும் ஷெரிப் அதன் பட்டையைப் பார்த்து விலையைச் சொல்லிவிட்டு, இவ்வளவு நல்ல சுருட்டு என்றால் ஏதோ இரண்டு மூன்று சட்டத்தை மீறச் சொல்லப் போகிறாய் என்கிறார். அவ்வளவுதான். இருவருக்கும் பழைய பழக்கம், இருவரும் அப்பழுக்கற்றவர்கள் இல்லை, வேலை நடக்க ஒரு விலை உண்டு, எல்லாம் நான்கைந்து வரியில் வந்தாயிற்று. டேலியாக இருந்தால் ‘நான் யாருக்கும் பயப்படாதவன், இந்த ஷெரிப்பும் எனக்குத் தூசு’ என்று சுயசரிதையை ஆரம்பித்திருப்பார்.

ஹேமட்டுக்கு இந்த நடை வானத்திலிருந்து விழவில்லை. 1915இல் பால்டிமோரில் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்தவர். அலுவலகம் இருந்த கட்டடத்தின் பேரில் கான்டினென்டல் உண்டு, கதையில் வரும் நிறுவனத்தின் பேர் அங்கே கிடைத்தது. அந்த வேலையில் நாள் முடிவில் அறிக்கை எழுத வேண்டும். யார் எத்தனை மணிக்கு எந்த வாசல் வழியாகப் போனார், யாரோடு பேசினார். நீ என்ன நினைத்தாய் என்பதைப் படிக்க வாடிக்கையாளர் பணம் கொடுப்பதில்லை. முதல் உலகப் போரில் ராணுவத்தில் இருந்தபோது உடம்பு கெட்டு, காசநோய் பிடித்து, ஓடியாடும் வேலை முடியாமல் போனபின்தான் எழுத உட்கார்ந்தார். அவருடைய கதாநாயகன் குட்டையான, குண்டான, நடுவயதான, பெயரே சொல்லாத துப்பறிவாளர். வேலையை வேலையாகப் பார்க்கும் ஆள். எனக்கு ஹேமட்டின் இன்னொரு துப்பறிவாளனான சாம் ஸ்பேடைவிட இவரைத்தான் பிடிக்கும்.

ஜன்னலோரம்:
சுருக்கெழுத்து சொன்ன ‘ஆசிரியர் ரசனை’யில் ஒரு பொத்தல் இருக்கிறது. கறார் நடை என்றாலே எல்லோரும் பிளாக் மாஸ்க் ஆசிரியராக இருந்த கேப்டன் ஜோசப் ஷாவின் பேரைச் சொல்வார்கள். ராணுவத்தில் துப்பாக்கிமுனைக் கத்திச் சண்டை சொல்லிக்கொடுத்தவர், வாள்வீச்சு வீரர், பல்ப் பத்திரிகையே அதிகம் படித்திராமல் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினார் என்று ஒரு புராணம். ஷா பதவிக்கு வந்தது 1926 கடைசியில். கருந்தாள் சிலாகிக்கும் கதை 1923. அப்போது ஆசிரியர் ஜார்ஜ் சட்டன். அதற்கப்புறம் பில் கோடி. ஹேமட்டை நீளமாகவும் இன்னும் கரடுமுரடாகவும் எழுதத் தள்ளியது கோடி. 1926இல் கூலித் தகராறில் ஹேமட் விலகிப் போனதும் அவர் காலத்தில்தான். தன் கூலியைக் குறைத்து அதை ஹேமட்டுக்குக் கொடுங்கள் என்று கார்ட்னர் சொல்லிப் பார்த்தார், நிர்வாகம் கேட்கவில்லை.

ஷா செய்த பெரிய காரியம் ஹேமட்டைக் கடிதம் எழுதித் திரும்ப அழைத்தது. இன்னொன்று, ‘இவரைப் பார்த்து எழுதுங்கள்’ என்று மற்ற எல்லோருக்கும் ஹேமட்டையே உதாரணமாகக் காட்டிக்கொண்டே இருந்தது. இரண்டாவது சிலருக்கு எரிச்சலாகவும் இருந்தது. அவர் காலத்தில் விற்பனை ஏறி 1930இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஷா பக்தர்கள் சண்டைக்கு வருவார்கள்.

அப்புறம், ‘ஆண்கள் ஆண்களுக்காக நடத்திய பத்திரிகை’ என்று எழுதுகிறவர்கள் கவனிக்க: பிளாக் மாஸ்கின் முதல் ஆசிரியர் எஃப். எம். ஆஸ்போர்ன். எஃப் என்றால் ஃபுளோரன்ஸ். பெண் என்று தெரியாதபடி முதலெழுத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஷாவுக்கு அடுத்து 1936 முதல் 1940 வரை ஆசிரியர் ஃபானி எல்ஸ்வொர்த். காதல் கலந்த கௌபாய்க் கதைப் பத்திரிகை நடத்திவிட்டு வந்தவர். கார்னல் வூல்ரிச், ஸ்டீவ் ஃபிஷர் போன்றவர்களுக்கு இடம் கொடுத்து, முரட்டுத்தனத்தைக் குறைத்து, பயத்தையும் மனநடுக்கத்தையும் உள்ளே கொண்டுவந்தது அவர். பின்னால் வந்த கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்களின் சாயல் எனக்கு ஷாவின் இதழ்களைவிட எல்ஸ்வொர்த்தின் இதழ்களில்தான் கூடுதலாகத் தெரிகிறது.

அச்சுக்கோர்வை:
ஜன்னலோரம் அம்மா சொன்னதோடு ஒரு வேடிக்கையைச் சேர்க்கிறேன். பிளாக் மாஸ்கை 1920 ஏப்ரலில் தொடங்கியவர்கள் எச். எல். மென்கனும் ஜார்ஜ் ஜீன் நேதனும். அமெரிக்காவிலேயே பெரிய இலக்கிய மேதாவிகள். அவர்களுடைய ஸ்மார்ட் செட் என்ற இலக்கியப் பத்திரிகை நஷ்டத்தில் ஓடியது. அதற்குத் தீனி போட இந்த மலிவுப் பத்திரிகை. தங்கள் பேரைக்கூட அதில் போட்டுக்கொள்ளவில்லை. சுமார் 500 டாலர் முதல் போட்டு, எட்டு இதழ் முடிந்ததும் 12,500 டாலருக்கு விற்றுவிட்டு நடையைக் கட்டினார்கள். ஆரம்ப இதழ்களில் துப்பறிதல் மட்டும் இல்லை, காதல், சாகசம், ஆவி எல்லாம் கலந்த கதம்பம். ஸ்மார்ட் செட் 1930இல் மூடியாயிற்று. தீனிக்கு வைத்த பத்திரிகை 1951 வரை ஓடியது.

துப்பறியும்_புதுசு:
வணக்கம், நான் இந்தக் குழுவுக்குப் புதுசு. இந்த இழையைப் பார்த்துவிட்டு கருந்தாள் திட்டிய ரேஸ் வில்லியம்ஸ் கதையையும் ‘ஆர்சன் பிளஸ்’ஸையும் அடுத்தடுத்து வாசித்தேன். இரண்டும் 1923 என்பதால் அமெரிக்காவில் பதிப்புரிமை முடிந்துவிட்டது, இணையத்தில் தேடினால் கிடைக்கிறது.

திட்டாதீர்கள், எனக்கு டேலிதான் பிடித்தது! ஹேமட் கதையில் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. டேலியின் ஆள் பொய் பேசுகிறான், பீற்றுகிறான், ஆனால் அடுத்த பக்கத்தில் என்ன செய்வான் என்று புரட்ட வைக்கிறான். ரயிலில் வேலைக்குப் போய் வந்த மனிதர்கள் பத்திரிகை வாங்கியது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். சாண்ட்லரின் ‘தி பிக் ஸ்லீப்’ நாவலை வாசித்திருக்கிறேன். அந்தக் கார் ஓட்டுநரைக் கொன்றது யார்?

கருந்தாள்:
புதுசு, இங்கே அதற்கெல்லாம் திட்ட மாட்டோம். வாதம் மட்டும் செய்வோம் 🙂 நீங்கள் சொல்வது டேலி அன்று ஏன் விற்றார் என்பதற்குப் பதில். அவர் ஏன் நிலைக்கவில்லை என்பதற்கும் அதிலேயே பதில் இருக்கிறது. புரட்டிய பக்கத்துக்குத் திரும்பி வர எந்தக் காரணமும் இல்லை. அதைவிட முக்கியமானது, டேலி இருபது வருடமும் ஒரே கதையை எழுதினார். 1923இல் அது புதுசு. 1935இல் அதே கதையை அவரைவிட நன்றாக எழுத ஒரு டஜன் பேர் வந்துவிட்டார்கள். ரௌல் விட்ஃபீல்ட், ஃபிரெடெரிக் நெபல், பால் கெய்ன் என்று வரிசை.

ஓட்டுநர் விஷயத்தை சுருக்கெழுத்து அக்காவுக்கு விடுகிறேன், அவர் சாண்ட்லர் கட்சி.

சுருக்கெழுத்து:
வந்துவிட்டேன். ஓட்டுநரைக் கொன்றது யார் என்று 1940களில் படம் எடுத்தவர்களும் சாண்ட்லரிடமே கேட்டார்கள். அவருக்கும் தெரியவில்லை. இதைச் சிரிப்புக்கதையாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் காரணம் பல்பில் இருக்கிறது.

1939இல் வந்த அந்த நாவல் புதிதாக யோசித்த கதையே இல்லை. பிளாக் மாஸ்கில் அவர் எழுதிய இரண்டு நெடுங்கதைகளை, 1935இல் வந்த ‘கில்லர் இன் தி ரெயின்’, 1936இல் வந்த ‘தி கர்ட்டன்’ இரண்டையும், உடைத்துச் சேர்த்து, மற்ற கதைகளில் இருந்தும் துண்டு எடுத்து ஒட்டியது. இரண்டு பழைய புடவையை வெட்டி ஒரு பாவாடை தாவணி தைத்த மாதிரி. தையல் பிரிந்த இடம்தான் அந்த ஓட்டுநர். ஆனால் பழைய கதையையும் நாவலையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று தெரியும். சம்பவம் அதே, வரிசையும் ஏறக்குறைய அதே. கூடியிருப்பது அறை எப்படி இருந்தது, வெளிச்சம் எங்கிருந்து வந்தது, கிழவரின் கை எப்படி நடுங்கியது என்பதெல்லாம்.

இங்கேதான் நம் கேள்விக்கு எதிர்ப்பக்கம் வருகிறது. பத்திரிகைக்காரர்கள் வர்ணனையை வெட்டுவார்கள், அது ஓட்டத்தை நிறுத்துகிறது, வாசகர்களுக்கு அது வேண்டாம் என்பார்கள். சாண்ட்லர் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. வாசகர்கள் தங்களுக்கு வேண்டியது சண்டை மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், உண்மையில் அவர்களைப் பிடித்து வைப்பது வேறு என்பது அவர் கட்சி. ஆக, கறார் நடையை வளர்த்த அதே பேனாக் கத்தி சாண்ட்லருக்கு இடைஞ்சல். அவர் அதோடு மல்லுக்கட்டி வளர்ந்தவர்.

அவருடைய கூலிக் கணக்கையும் பாருங்கள். எண்ணெய்க் கம்பெனியில் பெரிய வேலை, குடியாலும் ஒழுங்கீனத்தாலும் 1932இல் போனது. பல்ப் பத்திரிகைகளை வாங்கிப் படித்து, கார்ட்னர் கதை ஒன்றின் சுருக்கத்தை எடுத்து அதைத் தானே திரும்ப எழுதி, கார்ட்னர் எழுதியதோடு ஒப்பிட்டுத் தொழில் கற்றார். 1933 டிசம்பரில் முதல் கதை. பதினெட்டாயிரம் சொல், ஐந்து மாத உழைப்பு, கிடைத்தது 180 டாலர். வயது 45. கார்ட்னருக்குப் பதினெட்டாயிரம் சொல் ஒரு வாரத்து வேலைகூட இல்லை.

அந்த முதல் கதையைப் பற்றி இன்னொரு பிளாக் மாஸ்க் எழுத்தாளர் டபிள்யூ. டி. பல்லார்ட் பின்னாளில் சொன்னது ஒன்று உண்டு. சாண்ட்லர் அச்சடித்த பக்கம் மாதிரி வலது ஓரமும் நேராக வரும்படி தட்டச்சு செய்து அனுப்பியிருந்தாராம். ஷா அதைப் பல்லார்டுக்கு அனுப்பி, இந்த ஆள் ஒன்று மேதை, இல்லையென்றால் பைத்தியம் என்று எழுதினாராம். ஐந்து மாதம் எங்கே போனது என்று இப்போது புரிகிறதா!

வேலூர்வாசி:
மெதுவாக எழுதினால் மேதை, வேகமாக எழுதினால் கூலிக்காரன் என்று முடிக்காதீர்கள். லெஸ்டர் டென்ட் பேரை யாரும் சொல்லவில்லையே. டாக் சாவேஜ் என்ற சாகச நாயகனின் நாவல்களை மாதம் ஒன்று என்று பொரித்துத் தள்ளியவர். ஆறாயிரம் சொல் கதைக்குச் சூத்திரமே எழுதி வைத்தார். ஆயிரத்து ஐந்நூறு சொல் வீதம் நான்கு பங்கு. முதல் பங்கின் முதல் வரியிலேயே, முடியாவிட்டால் அதற்குப் பக்கத்திலேயே, நாயகன் தலையில் தொல்லையை இறக்கு. ஒவ்வொரு பங்கின் முடிவிலும் ஒரு திருப்பம். மூன்றாவது பங்கு முடியும்போது நாயகன் குரல்வளை வரை மூழ்கியிருக்க வேண்டும். நான்காவதில் தன் சொந்தத் திறமையால் வெளியே வர வேண்டும். இந்தச் சூத்திரத்தில் எழுதியது எதுவும் விற்காமல் போனதில்லை என்று அவரே சொன்னார்.

அதே டென்ட் ஷாவுக்காக 1936இல் ஆஸ்கர் செயில் என்ற ஆளை வைத்து இரண்டு கதை எழுதினார். ஃபுளோரிடா கடலோரம், படகு, புயல். டாக் சாவேஜ் எழுதிய அதே கையா என்று சந்தேகம் வரும். வாசித்துவிட்டுச் சொல்லுங்கள். சுருக்கெழுத்து அக்காவின் ‘ஆசிரியர் ரசனை’க் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஜன்னலோரம்:
டென்ட் உதாரணத்தை ஏற்கிறேன். ஷாவுக்கு அரை மதிப்பெண் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த இழை கொஞ்சம் அதிகமாகவே கொஞ்சிக்கொண்டு போகிறது. பல்ப் துப்பறியும் கதைகளை மொத்தமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும், பத்தில் எட்டு குப்பை. அதிலும் சீனர், மெக்சிகோக்காரர், கறுப்பர் வரும் இடமெல்லாம் வாயில் வைக்க முடியாது. வில்லனின் கண் சாய்ந்திருந்தால் போதும், வேறு காரணமே தேவையில்லை. பெண் என்றால் மூன்றே வேலை: கட்டிப்போடப்படுவது, காட்டிக்கொடுப்பது, கத்துவது. 1934இல் ஆரம்பித்த ஸ்பைசி டிடெக்டிவ் அட்டைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பல கடைகளில் அதைக் கல்லாவுக்குக் கீழே வைத்து விற்றார்கள்.

கருந்தாள் போற்றும் ஹேமட் 1925இல் சான் ஃபிரான்சிஸ்கோ சைனாடவுனை வைத்து எழுதிய ‘டெட் யெல்லோ விமன்’ தலைப்பே போதும்.

கருந்தாள்:
தலைப்பு அசிங்கம்தான், மறுக்கவில்லை. உள்ளேயும் அந்தக் காலத்து வசவுகள் இருக்கின்றன. ஆனால் அந்தக் கதையின் சாங் லி சிங் பாத்திரத்தைக் கவனியுங்கள். ரகசியக் கதவு, இருட்டு நடை, தலை சுற்றும் சந்து என்று பத்திரிகை வாசகன் எதிர்பார்க்கும் எல்லா ஜோடனையும் இருக்கிறது. அதற்கு நடுவே உட்கார்ந்து அந்தக் கிழவர் துப்பறிவாளருக்கு வானளாவிய பட்டங்களைச் சூட்டிக் கிண்டலடிக்கிறார். துப்பறிவாளரும் அதே பாணியில் திருப்பிக் கொடுக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து அந்த வகைக் கதையையே பகடி செய்வது போலத்தான் எனக்குப் படுகிறது.

ஜன்னலோரம்:
பகடி செய்துகொண்டே அந்த ஜோடனையை விற்றுக் காசும் வாங்கினார். எனக்கு அது சமாதானமாகப் படவில்லை. இந்த விஷயத்தில் நாம் ஒத்துப்போக மாட்டோம், விடுங்கள்.

துப்பறியும்_புதுசு:
நன்றி அக்கா, ஓட்டுநர் மர்மம் தீர்ந்தது, அதாவது தீராது என்று தீர்ந்தது. ஹேமட்டும் சாண்ட்லரும் நண்பர்களா? இரண்டு பேரும் ஒரே பத்திரிகை என்பதால் கேட்கிறேன்.

அச்சுக்கோர்வை:
ஒரே ஒரு முறை சந்தித்தார்கள் தம்பி. 1936 ஜனவரி 11, லாஸ் ஏஞ்சலஸில் மேற்குக் கடற்கரை பிளாக் மாஸ்க் எழுத்தாளர்களின் விருந்து. அன்று எடுத்த புகைப்படம் இணையத்தில் கிடைக்கும். ஹேமட், சாண்ட்லர், ஹோரஸ் மெக்காய், நார்பெர்ட் டேவிஸ், பல்லார்ட் எல்லோரும் கோட்டு சூட்டோடு வரிசையாக. ஹேமட் அதற்குள் பிளாக் மாஸ்குக்கு எழுதுவதை நிறுத்தி ஐந்து வருடம் ஆகியிருந்தது. சாண்ட்லருக்கோ அப்போதுதான் பேர் ஏறிக்கொண்டிருந்தது. அதே வருடம் சம்பளக் குறைப்பை ஏற்காமல் ஷா வெளியேற்றப்பட, சாண்ட்லரும் கிளம்பிப் போட்டிப் பத்திரிகையான டைம் (Dime) டிடெக்டிவுக்குப் போனார்.

வேலூர்வாசி:
பத்திரிகைகள் எல்லாம் எப்படி மூடின? போர்க்காலக் காகிதப் பஞ்சமா?

அச்சுக்கோர்வை:
அதுவும்தான். ஆனால் இருபத்தைந்து சென்ட்டுக்குச் சட்டைப்பை அளவில் முழு நாவல் கிடைக்க ஆரம்பித்ததும் (பாக்கெட் புக்ஸ் 1939), அப்புறம் வீட்டுக்குள் தொலைக்காட்சி வந்ததும் கதை முடிந்தது. ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் 1949இல் தன் பல்ப்களைக் கிட்டத்தட்ட மொத்தமாக நிறுத்தியது.

சுருக்கெழுத்து:
புதுசுக்கு ஒரு யோசனை, மற்றவர்களும் சேர்ந்துகொள்ளலாம். ஹேமட்டின் ‘ரெட் ஹார்வெஸ்ட்’ நாவலைப் புத்தகமாகப் படிக்காமல், பத்திரிகையில் வந்தபடி படித்துப் பாருங்கள். 1927 நவம்பர் முதல் 1928 பிப்ரவரி வரை நான்கு தவணை. ஒவ்வொன்றும் தனித்தனித் தலைப்போடு தனிக்கதையாகவும் நிற்க வேண்டும் என்பதால் தவணைக்கு ஒரு கொலை மர்மம் முடிச்சவிழும். புத்தகமாகப் படிக்கும்போது ‘என்ன, நடுவிலேயே கொலையாளி யாரென்று தெரிந்துவிட்டதே, இன்னும் இத்தனை பக்கம் இருக்கிறதே’ என்று பலர் குழம்புவது அதனால்தான். அந்த வடிவம் பத்திரிகை கொடுத்தது, ஆனால் அதனாலேயே அந்த ஊரின் அழுகல் ஒரு குற்றவாளியோடு முடியாமல் அடுக்கடுக்காக வெளியே வருகிறது. நாவலைப் பதிப்பித்த க்னாஃப் நிறுவனம் ரத்தம் அதிகம் என்று சொன்னதால் ஹேமட் இரண்டு வெடிகுண்டுச் சம்பவங்களை எடுத்துவிட்டார். பத்திரிகை வடிவத்தில் அவை இருக்கின்றன.

கருந்தாள்:
சரி, செய்துவிடலாம். நான்கு தவணைக்கும் அமெரிக்காவில் பதிப்புரிமை முடிந்துவிட்டது. முதல் தவணைக்குத் தனி இழை திறக்கிறேன், இது ஏற்கனவே நீண்டுவிட்டது. யாரும் மூன்றாவது தவணைக்கு முன்னால் ஓடிப் போய்க் கொலையாளி பேரைப் போட்டு உடைக்காதீர்கள். வேலூர்வாசி, உங்களைத்தான் சொல்கிறேன்.

வேலூர்வாசி:
நான் பேர் சொல்ல மாட்டேன். ‘டமால்’ எத்தனை வருகிறது என்று மட்டும் எண்ணிச் சொல்கிறேன், மூன்று சென்ட் வீதம்.